ஞானஸ்நானம் ஒரு தடவைதான்

கேள்வி: 2009 இடப்பெயர்வுக்குப் பிறகு நான் பாவசங்கீர்த்தனம் செய்யவே இல்லை. நத்தாருக்குப் பிள்ளைகளோடு குடில் கட்டுகிறேன். மனம் மட்டும் பழையபடியே கிடக்கிறது. திரும்ப ஞானஸ்நானம் பெற்றுப் புதிதாய்த் தொடங்கலாமா?
– வாசகி ஒருவர், வட்டக்கச்சி

பதில்: முடியாது, சகோதரி, தேவையும் இல்லை. ஞானஸ்நானம் ஆன்மாவில் பதிக்கும் முத்திரை அழியாதது. அதனால்தான் திருச்சபை அதை ஒருவருக்கு ஒரு தடவையே கொடுக்கிறது. ஓடிய ஓட்டத்தில் காணி உறுதி தொலைந்திருக்கலாம், ஞானஸ்நானம் தொலையாது.

இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் தூர்ந்துபோனால் யாரும் புதுக் குளம் கட்டுவதில்லை. சேற்றை அள்ளி, புல்லைச் செருக்கிவிட்டால் தண்ணீர் வயலுக்கு வந்துவிடும். பாவசங்கீர்த்தனம் செய்வது அந்த வேலையைத்தான்.

குடில் கட்டுவதாகச் சொன்னீர்களே, அதுவும் நற்கருணையோடு சேர்ந்ததுதான். 1223 இல் இத்தாலியின் கிரேச்சியோவில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, வைக்கோல் நிறைந்த தீவனத் தொட்டியின் மேலேயே திருப்பலி நடந்தது. குடிலையும் பலிபீடத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. இயேசு பிறந்த ஊரான 'பெத்லகேம்' என்ற எபிரேயச் சொல்லுக்கே 'அப்பத்தின் வீடு' என்றுதான் பொருள்.

திருவருகைக் காலம் முடியுமுன் பங்குத்தந்தையிடம் போங்கள். எப்படித் தொடங்குவதென்று தெரியாவிட்டால், "கனகாலம் ஆச்சு, சுவாமி" என்று சொல்லுங்கள்; மிச்சத்துக்கு அவர் துணையிருப்பார். பிறகு நள்ளிரவுத் திருப்பலியில் நற்கருணை வாங்குங்கள். வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் கட்டிய குடிலுக்கு முன்னால் நீங்களும் ஒரு பிள்ளையாய் முழந்தாளிடுவீர்கள்.