வாயில்லாச் சீவனும் நம் கடமையும்: வீட்டில் ஒரு புல்டோக்



எமது வகுப்பிலே ‘நான் விரும்பும் பிராணி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தபோது, மாணவர் பலர் நாயைப் பற்றியே எழுதினர். அவர்களுட் சிலர், இங்கிலாந்தின் சின்னமெனப் போற்றப்படும் புல்டோக் தமக்கு வேண்டுமென்று குறிப்பிட்டிருந்தனர். அவ்வினத்து நாயொன்றை நான்கு ஆண்டுகளாக வளர்த்துவரும் நாம், அறிந்தவற்றையும் எமது தவறொன்றையும் இங்கே பாடமாகத் தருகின்றோம்.

வரலாறு

முற்காலத்தில் இங்கிலாந்திலே எருதைக் கம்பத்தில் கட்டி, அதன்மீது நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் கொடிய வழக்கம் இருந்தது. எருதின் மூக்கைக் கவ்விப் பிடிப்பதற்கென வளர்க்கப்பட்ட நாயே புல்டோக். 1835 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டமியற்றி இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. பின்னர் இந்நாய் கண்காட்சிக்கும் வீட்டுக்கும் உரியதாயிற்று. 1875 இல் இவ்வினத்துக்கெனத் தனிச் சங்கமும் அமைந்தது.

வளர்ப்போர் மூர்க்கம் நீங்கிய சாந்தமான நாய்களைத் தெரிந்தெடுத்தனர். அது நன்மையே. ஆயின், அழகெனக் கருதி மூக்கை மேலும் மேலும் குறுகச் செய்தனர், தலையைப் பெருப்பித்தனர். அதனால் இன்று இவ்வினக் குட்டிகள் பெரும்பாலும் சத்திரசிகிச்சை மூலமே பிறக்கின்றன. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது நம் பழமொழி. நாயின் முகத்தையோ மனிதன் மாற்றிவிட்டான். அதன் துன்பம் நாய்க்கே.

மூச்சும் வெப்பமும்

நமக்குப் போல நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. அது நாக்கை நீட்டி இளைக்கும்போது வாயிலுள்ள ஈரம் ஆவியாகி உடற்சூட்டைத் தணிக்கின்றது. புல்டோக்கிற்கோ மூக்குத் துவாரங்கள் ஒடுங்கியவை. குறுகிய தாடைக்குள் மென்மையான அண்ணம் நீண்டு மூச்சுவழியை மறிக்கின்றது. ஆகவே, சூட்டைத் தணிக்க அது பெரும்பாடுபடுகின்றது. உறக்கத்தில் அது விடும் குறட்டையைக் கேட்டுச் சிரிப்பவர் பலர். அக்குறட்டை மூச்சுத் திணறலின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இதனை நாம் அறியாதிருந்தோம். ஊரிலே நாய்கள் வெயிலில் நாள் முழுதும் திரிவதைக் கண்டு வளர்ந்த நாம், ஒரு கோடை நண்பகலில் எமது நாயைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். திரும்பும் வழியில் அது கால் மடங்கி விழுந்தது. நாக்கு நீலம் பாரித்தது. மகள் தன் போத்தல் நீரை அதன்மேல் ஊற்றினாள். அயலவர் ஒருவர் தம் காரில் மிருக வைத்தியரிடம் கொண்டு சேர்த்தார். நாய் பிழைத்தது. அன்றிரவு மகள், “அப்பா, நீங்கள் ஆசிரியர்தானே? இது உங்களுக்குத் தெரியாதா?” என வினவினாள். விடை கூற எம்மால் இயலவில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கோடையில் அதிகாலையிலும் மாலையிலும் மட்டுமே நடக்க அழைத்துச் செல்லுக. காரினுள் தனியே விடற்க.

2. கழுத்துப்பட்டியில் கயிற்றைக் கட்டி இழுத்தலாகாது, மார்புப்பட்டி அணிவிக்குக.

3. முகத்தின் தோல்மடிப்புகளை ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்த்துக. ஈரம் தங்கினால் புண்ணாகும்.

4. வெங்காயமும் உள்ளியும் நாயின் குருதிச் செங்கலங்களை அழிப்பன. ஆதலால், நம் கறிக்குழம்பில் பிசைந்த சோற்றை ஊட்டலாகாது. சொக்கிலேற்றும் உலர்ந்த திராட்சை இட்ட பாயசமும் நஞ்சே.

5. வளர்ந்த ஆண் நாயின் நிறை ஏறத்தாழ 25 கிலோகிராம்; பெண் நாய் 23. உடல் பருத்தால் மூச்சு மேலும் தடைப்படும்.

6. கனத்த தலையும் குட்டைக் கால்களும் உடைய இந்நாய்கள் பல நீந்தமாட்டா. குளக்கரையில் கவனம் தேவை.

பெற்றோருக்கு

பிள்ளையின் பிறந்தநாளுக்கென நாயை வாங்காதீர்கள். 2022 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று இவ்வினத்தின் சராசரி ஆயுளை ஏறத்தாழ 7.4 ஆண்டுகள் எனக் கணித்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்று வாங்கினால், அப்பிள்ளை பன்னிரண்டு வயதளவில் அதனை இழக்க நேரலாம். வைத்தியச் செலவும் பெரிது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நாயை யார் பார்ப்பார் என்பதையும் முன்னரே எண்ணுங்கள். அவ்வாறு எண்ணியபின்னும் விரும்பினால், நன்கு மூச்சுவிடக்கூடிய, சற்று நீண்ட மூக்குடைய நாயைத் தேடுங்கள். கைவிடப்பட்ட நாயொன்றை ஏற்பது அதனினும் நன்று.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்தை விட்டு நம் மக்கள் வெளியேறிய இரவில், எமக்கு வயது பதின்மூன்று. எமது வீட்டு நாயான வீமனின் சங்கிலியை ஐயா அவிழ்த்துவிட்டார். அது சிறிது தூரம் எம்மைத் தொடர்ந்தது. நாவற்குழிப் பாலத்து நெரிசலில் அதனைக் காணவில்லை. அன்று அதனைக் காக்க எமக்கு வழியிருக்கவில்லை. இன்று எமக்கு வீடுண்டு, கதவுண்டு, நேரமுண்டு. இனி அறியாமையால் ஒரு சீவனை வருந்தவிட நியாயமில்லை.

அருஞ்சொற்கள்: ஞமலி – நாய், அண்ணம் – வாயின் மேற்பகுதி, மூர்க்கம் – கடுஞ்சினம்.

வினாக்கள்

1. புல்டோக் வெயிலில் வருந்துவது ஏன்?

2. நாய்க்குக் கொடுக்கலாகாத உணவுகள் மூன்று கூறுக.

3. ‘எம் வீட்டில் நாய் வளர்க்கலாமா?’ – பெற்றோருடன் கலந்துரையாடிப் பத்து வசனங்கள் எழுதுக.