ஊர் நேரமும் எமது நேரமும்



கோயிலுக்கு வருபவர்கள் குருக்கள் ஐயாவிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, ஊரிலை அண்ணா புதன்கிழமை திதி செய்யிறார். நாங்கள் இஞ்சை எண்டைக்குச் செய்யிறது?" கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று கணக்குகள் அடங்கியுள்ளன. கணக்காளராகத் தொழில் செய்யும் எமக்கே இக்கணக்கு ஒருமுறை பிழைத்தது. அதனாற்றான் இதனைப் பாடமாக எழுதத் துணிந்தோம்.

முதலாவது: மணிக்கூட்டுக் கணக்கு

இன்று எல்லா நாட்டு நேரமும் இங்கிலாந்திலுள்ள கிறீன்விச்சைக் கொண்டே கணிக்கப்படுகிறது. உலகத்தை 24 நேர வலயங்களாகப் பிரிக்கலாம் என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் கனடாவின் ரயில்பாதைப் பொறியியலாளர் சான்ட்போர்ட் பிளெமிங். அவர் 1879 இல் அந்த யோசனையை வாசித்தது எமது ரொறன்ரோ நகரிலேயே. 1884 இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிறீன்விச்சை முதற்கோடாக ஏற்றுக்கொண்டது.

இலங்கையும் இந்தியாவும் கிறீன்விச்சுக்கு 5½ மணித்தியாலம் முன்னே நிற்கின்றன. ரொறன்ரோ குளிர்காலத்தில் 5 மணித்தியாலமும், கோடைகால நேரத்தில் 4 மணித்தியாலமும் பின்னே நிற்கிறது. ஆகவே ஊருக்கும் எமக்கும் உள்ள வித்தியாசம் குளிர்காலத்தில் 10½, கோடையில் 9½ மணித்தியாலம். இங்கே மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடைகால நேரம். ஊரில் மணிக்கூட்டை மாற்றும் வழக்கம் இல்லை.

மனக்கணக்குக்கு ஒரு சுலபமான வழி உண்டு. எமது நேரத்தைப் பகல் இரவு மாற்றிச் சொல்லுங்கள். பின் கோடையில் 2½ மணித்தியாலமும் குளிர்காலத்தில் 1½ மணித்தியாலமும் கழியுங்கள். ரொறன்ரோவில் கோடைச் சனிக்கிழமை இரவு 8 மணி. மாற்றினால் ஞாயிறு காலை 8 மணி. 2½ கழித்தால் ஊரில் ஞாயிறு காலை 5.30. எமது இரவு ஊருக்கு மறுநாட் காலை என்பதை மறக்கக் கூடாது. கிழமை பிழைப்பது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

உறவினர் பல நாடுகளில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டிசம்பரில் ரொறன்ரோ காலை 7 மணி என்றால் லண்டனில் நண்பகல் 12, பாரிசில் பிற்பகல் 1, யாழ்ப்பாணத்தில் மாலை 5.30, மெல்பேர்ணில் இரவு 11. அதே காலை 7 மணி ஜூலையில் வந்தால் லண்டனும் பாரிசும் மாறுவதில்லை. யாழ்ப்பாணம் 4.30 ஆகிறது, மெல்பேர்ண் இரவு 9 ஆகிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறிலும் ஒக்டோபர் கடைசி ஞாயிறிலும் மணிக்கூட்டை மாற்றுவதால், மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் லண்டனுக்கும் எமக்கும் வித்தியாசம் 5 அல்ல, 4 மணித்தியாலமே.

இரண்டாவது: திதிக் கணக்கு

திதி என்பது சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலம். அது தொடங்கும் கணமும் முடியும் கணமும் உலகம் முழுவதற்கும் ஒன்றே. மணிக்கூடு காட்டும் இலக்கம் மட்டுமே ஊருக்கு ஊர் வேறு.

ஒரு திதி ஊரில் செவ்வாய் இரவு 9.00 மணிக்குத் தொடங்கிப் புதன் இரவு 8.00 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். காலம் குளிர்காலம். 10½ கழித்தால் ரொறன்ரோவில் அது செவ்வாய் காலை 10.30 முதல் புதன் காலை 9.30 வரை. சிரார்த்தத்துக்குப் பிற்பகலில் நிற்கும் திதியையே கொள்வது வழக்கம். ஊரில் புதன் பிற்பகலில் அத்திதி நிற்கிறது. இங்கே புதன் காலையிலேயே முடிந்துவிட்டது. செவ்வாய் பிற்பகலில்தான் நிற்கிறது. ஆகவே ஊரில் புதன், இங்கே செவ்வாய். இரண்டும் சரி. நாட்காட்டியைப் பார்த்துக் கிழமையை அப்படியே எடுப்பது பிழை. கணக்கிட்ட பின் குருக்கள் ஐயாவிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இராகு காலம் அவ்வாறன்று. அது அந்தந்த இடத்துச் சூரிய உதயத்தையும் அத்தமனத்தையும் பொறுத்தது. அதனை மணித்தியாலம் கூட்டிக் கழித்து மாற்றக் கூடாது. புதிதாகவே கணிக்க வேண்டும். பகற்பொழுதை எட்டாகப் பிரித்தால் வெள்ளிக்கிழமைக்கு நான்காம் பங்கு. உதயம் 6 மணி, அத்தமனம் 6 மணி என்று கொள்வதால் வருவதே 10.30 முதல் 12.00. ரொறன்ரோவில் ஜூன் பிற்பகுதியில் உதயம் காலை 5.36 அளவில், அத்தமனம் இரவு 9.03 அளவில். அப்போது வெள்ளிக்கிழமை இராகு காலம் ஏறக்குறைய 11.24 முதல் 1.20 வரை.

மூன்றாவது: பழைய நேரக் கணக்கு

எமக்குப் பிழைத்தது இதுவே. மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக இலங்கை அரசு 1996 மே 25 இல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரல் 15 இல்தான் பழைய நேரம் திரும்பியது. கிறீன்விச்சுக்கு முன்னே நின்ற அளவு இது:

1996 மே 24 வரை: 5½ மணித்தியாலம்
1996 மே 25 முதல் ஒக்டோபர் 25 வரை: 6½ மணித்தியாலம்
1996 ஒக்டோபர் 26 முதல் 2006 ஏப்ரல் 14 வரை: 6 மணித்தியாலம்
2006 ஏப்ரல் 15 முதல்: 5½ மணித்தியாலம்

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவில் இரண்டு நேரம்.

எமது தகப்பனார் 1999 இல் வன்னியில் காலமானார். ஊருக்கு நேரே தொலைபேசி எடுக்க வழியில்லை. செய்தி கொழும்பிலிருந்த மாமாவுக்குப் போய், அவர் வழியாக ரொறன்ரோவுக்கு வந்தது. "இரவு பன்னிரண்டு பத்து" என்றார் மாமா. பெரியண்ணாவிடம் இருந்தது சென்னையில் அச்சான பஞ்சாங்கம். அன்றிரவு 11.55 உடன் ஏகாதசி முடிந்திருந்தது. ஆகவே துவாதசி என்று குறித்தோம். சில மாதங்களின் பின் அம்மாவின் கடிதம் லண்டனிலுள்ள சின்னண்ணாவுக்குக் கிடைத்தது. அதில் இரவு 11.40 என்று இருந்தது. அவர் ஏகாதசி என்றார். இரண்டு வீட்டில் இரண்டு நாள் திதி. "அப்பான்ரை திதியைக்கூட ஒண்டாச் செய்ய மாட்டியளோ" என்று சொந்தக்காரர் கேட்டார்கள். அண்ணாமார் இருவரின் பேச்சும் குறைந்துபோயிற்று.

2010 இல் அம்மா கனடா வந்த பின்னரே விடயம் தெளிந்தது. "அந்த மணிக்கூட்டை நாங்கள் ஒருநாளும் மாத்தேல்லை" என்றார். மாமா அதனைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றிச் சொல்லியிருந்தார். அவர் சொன்னதும் சரி, அம்மா எழுதியதும் சரி. கொழும்பு நேரத்தை இந்திய நேரத்துப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டதே பிழை. அந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுத்தவர், அன்று பல்கலைக்கழக மாணவராக அண்ணாவோடு இருந்த நாமே. பதினொரு ஆண்டுகள் துவாதசியில் செய்துவிட்டோம். "இந்த அரை மணித்தியாலத்துக்கோ இவ்வளவு காலமும் கதையாமல் இருந்தனீங்கள்?" என்று அம்மா அண்ணாமாரைக் கேட்டார். அடுத்த ஆண்டு இரு வீடுகளிலும் ஏகாதசியில் திதி நடந்தது.

இது பழங்கதை அன்று. 1996 க்கும் 2006 க்கும் இடையில் இலங்கையில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாணம் பேசும் காலம். ஓர் இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் நிற்கும். அரை மணித்தியாலம் பிழைத்தால் இலக்கினமே மாறக்கூடும். குறிப்பில் உள்ளது புதிய நேரமா பழைய நேரமா என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கோடைகால நேரமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நேரம் என்று எழுதினால் திகதி, இடம், எந்த நேரம் ஆகிய மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பயிற்சி (பிள்ளைகளோடு செய்து பாருங்கள்)

1. பெப்ரவரியில் ரொறன்ரோ ஞாயிறு இரவு 9.00. யாழ்ப்பாணத்தில் எத்தனை மணி?
2. கொழும்பில் 2001 ஜூலை மாதம் காலை 6.20 க்குப் பிறந்த பிள்ளை. பழைய நேரம் என்ன?
3. நாம் மணிக்கூட்டை மாற்றியாயிற்று, லண்டன் இன்னும் மாற்றவில்லை. மார்ச் மாதம் ரொறன்ரோ பிற்பகல் 3.00 என்றால் லண்டனில் எத்தனை மணி?

விடைகள்: 1. திங்கள் காலை 7.30. 2. காலை 5.50. 3. இரவு 7.00.