ஈரலைச் சாக்கிட்டு நிறுத்தும் மாத்திரைகள்

மூன்று மாதத்தில் இவர் நான்காவது ஆள். மருந்தக ஜன்னலுக்கு வெளியே துணிப்பையோடு நின்ற அந்த அம்மா, கணவருக்கான சீட்டை நீட்டினார். சோபோஸ்புவிர், டக்லடாஸ்விர், 84 நாளைக்கு. "வேற என்ன மாத்திரைம்மா சாப்பிடுறாரு?" என்றேன்.

"எல்லாத்தையும் நிறுத்திட்டோம் சார். சி டைப் காமாலைன்னு சொன்ன அன்னைக்கே நிறுத்தியாச்சு. ஈரல்ல கிருமி இருக்கையில சுகர் மாத்திரை, கொழுப்பு மாத்திரையெல்லாம் போட்டா ஈரல் வெந்துரும்னு போன்ல வந்துச்சு."

பையிலிருந்த லேப் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 312.

வெந்துருமாம். பன்னிரண்டு வருஷமாகச் சாப்பிட்ட மெட்ஃபார்மினில் வேகாத ஈரல், போனில் ஒரு செய்தி வந்ததும் வெந்துவிடுமா? இந்தச் செய்தியை எழுதியவர் கையில் கிடைத்தால் ஒரு கேள்வி கேட்பேன்: மெட்ஃபார்மின் உடம்பில் எங்கே சிதைகிறது? எங்கேயும் இல்லை. உள்ளே போன மருந்து உருமாறாமல் அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அந்த மாத்திரையைச் சிதைக்கும் வேலையே ஈரலுக்குக் கிடையாது. ஈரலைக் காப்பாற்றுகிறேன் என்று முதலில் தூக்கி எறிவது அதைத்தான்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. ஹெபடைடிஸ் சி வைரஸே சர்க்கரையைக் கூட்டும். இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாதபடி அது கெடுக்கிறது. அதனால்தான் இந்த நோயாளிகளிடம் இரண்டாம் வகை நீரிழிவு அதிகம். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தால் ஈரலில் வடு விழுவது இன்னும் வேகமாகும். ஆக, ஈரலுக்குப் பயந்து சுகர் மாத்திரையை நிறுத்துகிறவர் ஈரலுக்கே கெடுதல் செய்கிறார்.

கொழுப்பு மாத்திரை விஷயமும் இப்படித்தான். ஸ்டேடின் மாத்திரையால் சிலருக்கு ஈரல் என்சைம் கொஞ்சம் ஏறும் என்பது உண்மை. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கயிறே திரித்துவிட்டார்கள். ஹெபடைடிஸ் சி இருந்த அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை அலசியபோது, ஸ்டேடின் சாப்பிட்டவர்களிடம் ஈரல் சுருக்கமும் ஈரல் புற்றுநோயும் குறைவாகவே இருந்தன. ஸ்டேடின் ஈரலுக்கு மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. பதிவுகளை வைத்து அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் ஈரலை வேக வைக்கிற மருந்தாக இருந்தால் கணக்கு நேர்மாறாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

வயிற்றில் நீர் கோத்து, மனக்குழப்பம் வந்து, ஈரல் சுருக்கம் முற்றிப்போனவர்களின் கதை வேறு. அவர்களுக்கு மெட்ஃபார்மின், ஸ்டேடின் இரண்டையுமே டாக்டர் குறைப்பார், மாற்றுவார், நிறுத்தவும் செய்வார். அது ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் செய்கிற வேலை. சித்தப்பா மகன் அனுப்பிய செய்தியைப் பார்த்து நீங்கள் செய்கிற வேலை அல்ல.

இந்தப் பயத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பு இந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசிதான் கதி. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று இழுக்கும். காய்ச்சல், ரத்தக்குறைவு, மனச்சோர்வு, தைராய்டு கோளாறு எல்லாம் கூடவே வரும். வேறு பெரிய நோய் இருந்தால் "உங்களுக்கு இந்த ஊசி தாங்காது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "வேறு வியாதி இருந்தால் சிகிச்சை இல்லை" என்பது அந்தக் காலத்து உண்மை. இன்று நிலைமை வேறு. பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை போதும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு இதை இலவசமாகவே தருகிறது. மருந்து மாறிவிட்டது, வதந்தி மட்டும் மாறவில்லை.

சரி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாகச் சொல்பவர்கள் நிஜமாகவே எல்லாவற்றையும் நிறுத்துகிறார்களா? அதுவும் கிடையாது. மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக் தொடரும். "டோலோ ஈரலுக்கு ஆகாது சார், அதான் இது" என்று ஒரு விளக்கம் வேறு. தலைகீழ்ப் பாடம். டாக்டர் வேறு மாதிரிச் சொல்லாதவரை, நாள்பட்ட ஈரல் நோயாளிக்கு ஒரு நாளில் 2 கிராம் வரை டோலோவில் உள்ள பாராசிட்டமால் கொடுக்கலாம். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. சளி மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும் பாராசிட்டமாலும் அந்தக் கணக்கில் சேரும். குடிப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஈரல் சுருங்கியவருக்கு உண்மையில் ஆபத்தானது அந்த டைக்ளோஃபெனாக்தான். சிறுநீரகத்தைச் சாய்க்கும், உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் கொட்ட வைக்கும்.

கீழாநெல்லியும் தொடரும். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கீழாநெல்லி கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் வைரஸின் அடையாளம் மறைந்தது என்பது முடிவு. இதை என்னிடம் சொல்லாத நாட்டு மருந்து அபிமானி இல்லை. அது ஹெபடைடிஸ் பி பற்றிய ஆய்வு, ஐயா. சி வைரஸ் கண்டறியப்பட்டதே 1989-ல்தான். பி விஷயத்திலும் பிறகு வேறிடங்களில் செய்த சோதனைகளில் அந்த வெற்றி திரும்பவில்லை. சீந்தில் கொடி இன்னும் மோசம்: கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதைக் குடித்து ஈரல் வீங்கிப்போனவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி எந்த வாட்ஸ்அப் செய்தியும் பேசுவதில்லை. இந்தப் புது மாத்திரைகளுக்குச் சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை உடம்பில் இருந்தால் சோபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும் ரத்தத்தில் போதிய அளவு நிற்காது. மூன்று மாதம் சாப்பிட்டாலும் வைரஸ் அப்படியே இருக்கலாம். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனோடு சோபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு அபாயகரமாகக் குறையலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 மார்ச்சில் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. டக்லடாஸ்விருக்குப் பதில் வெல்பாடாஸ்விர் கொடுத்திருந்தால், நம் ஊரில் மிட்டாய் மாதிரி விழுங்கும் கேஸ் மாத்திரையே வில்லன். வயிற்றில் அமிலம் குறைந்தால் வெல்பாடாஸ்விர் சரியாகக் கரையாது. வைரஸ் போகப்போகச் சர்க்கரை தானாக இறங்கும் என்பதால், இன்சுலின் போடுகிறவர் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் மயங்கி விழவும் கூடும். பி வைரஸும் சேர்ந்து இருப்பவருக்கு, சி அடங்கும்போது பி தலைதூக்கலாம். முதலிலேயே பி பரிசோதனை கேட்பது இதற்குத்தான்.

இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டாக்டரிடம் சொன்னால் ஒன்றை மாற்றுவார், அல்லது இன்னொன்றைத் தள்ளிப்போடுவார்.

மற்றதெல்லாம் சில்லறை. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்தச் சிகிச்சை இல்லை என்பது பழைய கதை. இப்போது தாராளமாகக் கொடுக்கிறார்கள். குணமான பிறகும் ரத்தத்தில் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றுதான் வரும், அதைப் பார்த்து அழாதீர்கள். வைரஸ் இருக்கிறதா என்பதை ஆர்என்ஏ பரிசோதனைதான் சொல்லும். காபி குடிக்கலாம். தட்டு, டம்ளரைப் பிரித்து வைப்பது வெறும் அவமானம், தடுப்பு அல்ல.

இனி என் தொழிலில் உள்ளவர்களுக்கு. தயவுசெய்து அந்தக் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். நாலு மாத்திரை கேட்டால் பட்டையை நாலாக வெட்டிக் கொடுக்கிறோம். பெயர் ஒரு துண்டோடு போகிறது, காலாவதித் தேதி இன்னொரு துண்டோடு போகிறது. பேரே தெரியாத மாத்திரையைத்தான் நம் ஜனம் முழுங்கிக்கொண்டிருக்கிறது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கவரின் மேல் பெயரை எழுதுங்கள். பத்து விநாடி ஆகுமா? எத்தனை கூட்டத்தில் சொல்லிவிட்டேன், தலையாட்டிவிட்டு மறுபடி வெட்டுகிறார்கள்.

அந்த அம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்தபோது அப்படி ஒரு துண்டு விழுந்தது. வெள்ளை மாத்திரை இரண்டு, ஓரத்தில் பெயரின் கடைசி மூன்று எழுத்து. "இது என்னம்மா? எல்லாத்தையும் நிறுத்தியாச்சுன்னீங்களே?"

"அது மாத்திரைக் கணக்குல இல்ல சார். கன்னத்துல கரண்ட் அடிச்ச மாதிரி வலி வரும், அதுக்குப் போடுறாரு. ரெண்டு வருஷமா."

பேரனுக்குப் போன் போடச் சொன்னேன். அவன் அலமாரியில் தேடி, மீதிப் பட்டையை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தான். கார்பமசெபின். சீட்டின் மேல் அதை எழுதி, டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். 84 நாள் மாத்திரையையும் எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.