பன்னிரண்டு சதவீதம் கேட்ட கடை ஏன் ஜெயிக்கலை?

வியாழக்கிழமை ராத்திரி எட்டரை மணி ஆச்சுன்னா எங்க ஹாஸ்டல் வராண்டாவில் ஒரு குரல் கேட்கும்: "டேய், இந்த வாரம் என்ன கேம்டா ஃப்ரீ?" குளிர்காலத்தில் அதே குரல் ஒன்பதரைக்குக் கேட்கும். அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தி வைப்பதால் வரும் வித்தியாசம் அது. எபிக் கேம்ஸ் ஸ்டோர் வாரம் தவறாமல் ஒரு கேமையாவது இலவசமாகத் தரும் நேரம். ஆளாளுக்கு எடுத்து லைப்ரரியில் போட்டுக்கொள்வோம். அப்புறம் எபிக்கை மூடிவிட்டு ஸ்டீமைத் திறந்து, கோடைக்கால சேலில் காசு கொடுத்து வாங்கியதை விளையாடப் போய்விடுவோம். என் கணக்கையே எண்ணிப் பார்த்தேன். எபிக்கில் சும்மா கிடைத்தவை நூற்றுச் சொச்சம், அதில் திறந்து பார்த்தது ஆறு. ஸ்டீமில் வாங்கியவை 14, எல்லாமே விளையாடியவை.

இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன பஸில் கேம் செய்துகொண்டிருக்கிறோம். எந்தக் கடையில் விற்பது என்று மூன்று வாரமாகச் சண்டை. "ஒருத்தன் 30 சதவீதம் பிடிக்கிறான், இன்னொருத்தன் 12 பிடிக்கிறான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் எங்கள் டீமில் ஒருவன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், வரலாற்றைத் தோண்டிப் பார்க்கும் வரை.

அப்டேட் அனுப்ப வந்தவன் கடைக்காரன் ஆன கதை

ஸ்டீம் பிறந்தபோது கடையே இல்லை. வால்வ் நிறுவனத்திடம் கவுண்டர்-ஸ்ட்ரைக் இருந்தது. ஒவ்வொரு முறை அப்டேட் வெளியிட்டாலும் ஆட்களிடம் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கலந்து கிடக்கும், பாதிப் பேரால் ஆன்லைனில் சேர முடியாது. எல்லார் கணினிக்கும் தானாகவே அப்டேட் போக ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. அதுதான் 2003 செப்டம்பரில் வந்த ஸ்டீம். 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வெளியானபோது, கடையில் டிஸ்க் வாங்கினவரும் ஸ்டீம் கணக்கு தொடங்கினால்தான் விளையாட முடியும் என்றார்கள். அன்றைக்கு விழுந்த வசவு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அந்த ஒரே வேலையில் லட்சக்கணக்கான கணினிகளுக்குள் கடை போய் உட்கார்ந்துவிட்டது. 2005-லிருந்து மற்றவர்களின் கேம்களும் அதில் விற்பனைக்கு வந்தன.

கமிஷன் 30 சதவீதம். இன்று கேட்டால் கொள்ளை மாதிரி தெரியும். அன்று அப்படி இல்லை. டிஸ்க் அச்சடிக்கணும், பெட்டி போடணும், விநியோகஸ்தருக்குக் கொடுக்கணும், கடைக்காரருக்குக் கொடுக்கணும், விற்காத பெட்டியைத் திரும்ப வாங்கணும். அத்தனையும் போய்க் கையில் நிற்பதோடு ஒப்பிட்டால் 70 சதவீதம் பெரிய தொகை.

கமிஷனே இல்லாத கடையும் தோற்றது

எபிக்குக்குப் போவதற்கு முன் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் என் டீம்மேட்டின் வாதத்தை உடைப்பது இதுதான். 2011-ல் அவர்கள் ஆரிஜின் என்று சொந்தக் கடை திறந்தார்கள். பேட்டில்ஃபீல்ட் 3 அப்போது ஸ்டீமுக்கு வரவில்லை. சொந்தக் கடை, ஆகவே கமிஷன் பூஜ்யம். எட்டு வருஷம் தாக்குப்பிடித்தார்கள். 2019 அக்டோபரில் ஸ்டீமுக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். யூபிசாஃப்டும் 2019-ல் தன் புதிய கேம்களை ஸ்டீமுக்குத் தராமல் நிறுத்தி, 2022 கடைசியில் அசாசின்ஸ் க்ரீட் வல்ஹாலாவோடு திரும்பி வந்தது.

பூஜ்யம் சதவீதத்தை விட்டுவிட்டு ஒருத்தர் வந்து கமிஷன் கட்டுகிறார் என்றால், கமிஷன் எதற்கான கூலி என்று கேட்கணும். நம் ஊர் கமிஷன் மண்டி ஞாபகம் வருகிறதா? பக்கத்துத் தெருவில் குறைந்த கமிஷனுக்கு ஒருத்தர் மண்டி திறந்தாலும், வியாபாரிகள் கூடுகிற மண்டிக்குத்தான் விவசாயி வெங்காயத்தைக் கொண்டுபோவார். சரக்கு அங்கே போவதால் வியாபாரியும் அங்கேயே வருவார். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் இந்த மாதிரிச் சந்தையில், ஒரு பக்கத்துக்கு மட்டும் சலுகை கொடுத்து யாரையும் பெயர்க்க முடியாது.

எபிக் போட்ட கணக்கு

2018 டிசம்பரில் எபிக் கடை திறந்தது. ஃபோர்ட்நைட் கொட்டிக்கொண்டிருந்த பணம் பின்னால் இருந்தது. கமிஷன் 12 சதவீதம். அன்ரியல் இன்ஜினில் செய்த கேம் என்றால், வழக்கமாக அவர்களுக்குக் கட்ட வேண்டிய 5 சதவீத ராயல்டி, எபிக் கடையில் விற்றதற்கு மட்டும் கிடையாது. 1,000 ரூபாய் விலையுள்ள கேமுக்கு, வரியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஸ்டீமில் விற்றால் கையில் 700. அன்ரியல் ராயல்டி கட்ட வேண்டியிருந்தால் 650. எபிக்கில் 880.

இதையே திருப்பிப் போட்டால்தான் சுவாரஸ்யம். ஸ்டீமில் 1,000 பிரதி விற்றால் 7,00,000 ரூபாய் வரும். எபிக்கில் அதே தொகைக்கு 796 பிரதி போதும். அதாவது ஸ்டீமில் போகிற அளவில் 80 சதவீதம் எபிக்கில் போனாலே டெவலப்பர் நஷ்டப்படமாட்டார். கேட்க எளிதாக இருக்கு. ஆனால் அந்த 80 தானாக வரும் என்று எபிக்கே நம்பவில்லை. நம்பியிருந்தால் அடுத்து செய்ததைச் செய்திருக்க மாட்டார்கள்.

என்ன செய்தார்கள் என்பது நமக்கு விவரமாகத் தெரிவதற்கு ஆப்பிளுக்குத்தான் நன்றி சொல்லணும். 2020 ஆகஸ்ட்டில் எபிக் ஆப்பிள் மீது வழக்குப் போட, 2021 விசாரணையில் எபிக்கின் உள் ஆவணங்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. போர்டர்லாண்ட்ஸ் 3 கேமை எபிக்கில் மட்டும் விற்பதற்காக ஒப்புக்கொண்ட தொகை 14.6 கோடி டாலர். அதில் 8 கோடி, விற்றாலும் விற்காவிட்டாலும் தருவதாகச் சொன்ன உத்தரவாதம். (அந்த 8 கோடி இரண்டே வாரத்து விற்பனையில் மீண்டுவிட்டது என்பதையும் சொல்லணும். பெரிய பெயருள்ள கேமுக்குப் பின்னால் ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள்.) இலவசமாகக் கொடுக்க முதல் ஒன்பது மாதத்தில் செலவழித்தது சுமார் 1.16 கோடி டாலர், அதனால் சேர்ந்த புதிய கணக்குகள் சுமார் 50 லட்சம். ஒரு ஆளுக்கு இரண்டு டாலர் சொச்சம். விளம்பரத்தில் இந்த விலைக்கு ஆள் கிடைப்பது அபூர்வம். அந்த வகையில் நானும் நீங்களும் மலிவாக வாங்கப்பட்டவர்கள்!

வாங்கினார்கள், ஆனால் தங்க வைக்க முடியவில்லை. 2019-ல் கடைக்கு 18 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் என்று ஆப்பிள் தன் மனுவில் காட்டியது. கடை இன்னும் லாபத்துக்கு வரவில்லை என்று 2023 நவம்பரில், கூகிளுடனான இன்னொரு வழக்கில், எபிக் கடையின் பொறுப்பாளர் ஸ்டீவ் அலிசனே சாட்சி சொன்னார்.

வாங்குறவனுக்கு என்ன கிடைச்சது?

என் அபிப்பிராயம் இது. 12 சதவீதம் என்பது வாங்குபவன் கண்ணில் படாத சலுகை. 1,000 ரூபாய் கேம் இங்கேயும் 1,000, அங்கேயும் 1,000. மிச்சமான 180 டெவலப்பருக்குப் போகிறது, போகட்டும், நல்லதுதான். ஆனால் நான் எதற்குக் கடை மாறணும்? என் நண்பர்கள் லிஸ்ட் ஸ்டீமில், ரிவ்யூ ஸ்டீமில், மாட் ஸ்டீமில். எபிக்கிலோ, ஒரே நேரத்தில் நாலு கேமைச் சேர்த்து வாங்கும் கூடை வசதியே 2021 டிசம்பரில்தான் வந்தது. கடை திறந்து மூன்று வருஷம் கழித்து!

சலுகைக்குப் பதில் வந்தது எரிச்சல். மெட்ரோ எக்ஸோடஸ் ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்தது. வெளியாக இரண்டரை வாரம் இருக்கும்போது, 2019 ஜனவரி கடைசியில், ஒரு வருஷத்துக்கு எபிக்கில் மட்டும் என்று மாற்றினார்கள். ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைத்தது. அமெரிக்காவில் விலையை 60 டாலரிலிருந்து 50 ஆகக் குறைக்கவும் செய்தார்கள். ஆனால் ஆட்கள் அந்த 10 டாலரைப் பேசவில்லை. பழைய மெட்ரோ கேம்களின் ரிவ்யூ பக்கத்தில் போய்த் திட்டித் தீர்த்தார்கள்.

அப்படியானால் 12 சதவீதக் கடையில் எல்லோரும் விலையைக் குறைத்து விற்கலாமே? கேள்வியே அங்கேதான் இருக்கு. ஸ்டீமில் கேம் போடுபவருக்கு ஸ்டீம் கீ என்ற கோடுகளை வால்வ் இலவசமாகவே தருகிறது. அதை வேறு தளத்தில் விற்றால் கமிஷனும் இல்லை. நிபந்தனை ஒன்று: ஸ்டீம் வாடிக்கையாளருக்குக் கிடைப்பதைவிட மலிவாக அங்கே தொடர்ந்து விற்கக் கூடாது. இது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஸ்டீம் கீ இல்லாமல் வேறு கடையில் விற்கும் பிரதிகளுக்கும் இதே விலைக்கட்டுப்பாட்டை வால்வ் திணிக்கிறது என்று சொல்லி, வுல்ஃபயர் கேம்ஸ் 2021 ஏப்ரலில் வழக்குப் போட்டது. வால்வ் மறுக்கிறது. டெவலப்பர்கள் சார்பிலான கூட்டு வழக்காக இதை நடத்த 2024 நவம்பரில் நீதிமன்றம் அனுமதித்தது. குற்றச்சாட்டு உண்மையானால், கமிஷனைக் குறைக்கும் எந்தப் புதிய கடையும் அதை விலையில் காட்ட முடியாது என்று அர்த்தம். காட்ட முடியாத சலுகைக்கு யார் வருவார்?

தோற்றவர்கள் விட்டுச்சென்றது

அதற்காக இந்தப் போட்டியே வீண் என்று நினைக்காதீங்க. இன்றைக்கு ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த வசதி 2015-ல்தான் வந்தது. ஆரிஜின் 2013-லேயே கொடுத்துவிட்டது. இடையில் 2014-ல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வால்வ் மீது வழக்கும் போட்டது. எபிக் கடை திறப்பதற்குச் சில நாள் முன்பு, 1 கோடி டாலர் தாண்டிய விற்பனைக்கு 25 சதவீதம், 5 கோடி தாண்டினால் 20 என்று ஸ்டீம் கமிஷனைக் குறைத்தது. பெரிய ஆளுக்குச் சலுகை, சின்ன ஆளுக்கு அதே 30. இந்த இடத்தில் எனக்கு வால்வ் மேல் கோபம்தான். மைக்ரோசாஃப்ட் 2021 ஆகஸ்ட்டிலிருந்து கணினி கேம்களுக்கு 12-க்கு இறங்கியது.

இன்னொரு கடை கமிஷனைப் பற்றிப் பேசாமலேயே பிழைக்கிறது: போலந்தின் ஜிஓஜி. பைரசி தலைவிரித்தாடிய நாட்டில் கேம் விற்றுப் பழகிய சிடி ப்ராஜெக்ட் 2008-ல் தொடங்கியது. அங்கே வாங்கினால் பூட்டு எதுவும் இல்லாத இன்ஸ்டாலர் ஃபைலே கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம், நாளைக்குக் கடை மூடினாலும் கேம் ஓடும். ஸ்டீமில் அந்த உறுதி கிடையாது. நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமம் மட்டும்தான். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து அமலுக்கு வந்த சட்டத்தால், இப்போது ஸ்டீமின் கூடைப் பக்கத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை வாங்கும்போது படித்துப் பாருங்க.

சரி, எங்க கேம்?

ஸ்டீமில் ஒரு கேம் போட 100 டாலர் கட்டணும். 1,000 டாலர் விற்பனை தாண்டினால் அது திரும்ப வரும். எபிக்கிலும் 100 டாலர்தான். ஆனால் 2025 ஜூனிலிருந்து ஒரு கேமுக்கு வருஷத்தில் முதல் 10 லட்சம் டாலர் வரை கமிஷனே இல்லை. எங்கள் பஸில் கேம் 10 லட்சம் டாலரைத் தொடப்போவதில்லை, ஆகவே எங்களைப் பொறுத்தவரை அது பூஜ்யக் கமிஷன் கடை. இட்ச்.ஐஓ-வில் நுழைவுக் கட்டணமும் இல்லை, கடைக்கு எவ்வளவு பங்கு என்பதை நாமே முடிவு செய்யலாம்.

இத்தனைக்குப் பிறகும் என் ஓட்டு ஸ்டீமுக்கு, பயத்தோடு. 2024-ல் மட்டும் அங்கே 18,000-க்கும் மேல் புதிய கேம்கள் வந்தன, நாளுக்குக் கிட்டத்தட்ட ஐம்பது. அந்தக் கூட்டத்தில் எங்களை யார் பார்ப்பார்கள்? விஷ்லிஸ்ட்டில் சேர்த்தவர்களுக்கு வெளியீட்டு நாளில் ஸ்டீமே மெயில் அனுப்பும் என்பதுதான் ஒரே பிடி. ஆகவே முதலில் இட்ச்சில் இலவச டெமோ. பத்துப் பேராவது கடைசி லெவல் வரை போகிறார்களா என்று பார்ப்போம். போனால் ஸ்டீமில் பக்கம் திறந்து விஷ்லிஸ்ட் சேர்ப்பு, ஆறு மாதம். எபிக்கில் அதே நாளில் இன்னொரு பிரதி. யாரும் எங்களைத் தடுக்கவில்லையே.

100 டாலரை நாலாகப் பிரித்தால் தலைக்கு 25. கமிஷனைப் பற்றிச் சண்டை போட்டவன்தான் முதலில் ஜிபே பண்ணினான்.