இரண்டு நிமிட நூடுல்ஸில் எத்தனை கிராம் உப்பு?

(அறிவியல் பகுதி. எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

நம்ம தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர். ஆனால் இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டில். இப்போது ஊரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடப்பது உப்புதான். தமிழ்நாட்டில் விளையும் உப்பில் பெரும்பகுதி நம்ம மாவட்டத்து உப்பு. அதனால் உப்பைப் பற்றி நமக்குத் தெரியாதா என்று நினைப்போம். ஆனால் கண்ணுக்கும் தெரியாமல், நாக்குக்கும் சரியாகத் தெரியாமல் ஒரு உப்பு நம் வீட்டுக்குள் வருகிறது. அதுதான் பாக்கெட் உணவில் இருக்கும் உப்பு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

நூடுல்ஸ் ஏன் சீக்கிரம் வேகிறது?

உடனடி நூடுல்ஸை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானைச் சேர்ந்த மோமோஃபுகு ஆண்டோ. ஆண்டு 1958. வேகவைத்த நூடுல்ஸை அவர் கொதிக்கும் எண்ணெயில் பொரித்தார். பொரிக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடிவிடும். அது போன இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். அப்புறம் வெந்நீரில் போட்டால் அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து சீக்கிரம் மெத்தென்று ஆகிவிடும். அப்பளம் பொரிக்கும்போது எண்ணெயில் சலசலவென்று நுரை வருதே, அதுவும் ஈரம் ஆவியாகி வருவதுதான்.

தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி வளராது. அதனால்தான் பாக்கெட் பல மாதம் கெடாமல் இருக்கிறது. நம்ம ஊர்க் கருவாடும் இதே பாடம்தான். அங்கே உப்பும் வெயிலும் தண்ணீரை எடுக்கின்றன. இங்கே எண்ணெய் எடுக்கிறது.

2015-இல் நடந்தது

2015 ஜூன் மாதம் நாடு முழுவதும் மாகி நூடுல்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. ஈயம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொன்னது. கம்பெனி அதை மறுத்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து, மறுபடியும் பரிசோதனை செய்யச் சொன்னது. அதில் ஈயம் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. நவம்பரில் மாகி மீண்டும் கடைக்கு வந்தது.

இதைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் பாதிப்பேர் “அது விஷம்” என்கிறார்கள். மீதிப்பேர் “அதுதான் கோர்ட்டே விட்டுட்டே, ஒண்ணும் செய்யாது” என்கிறார்கள். இரண்டு பேரும் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஈயத்தைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டும். உப்பைக் கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதும்.

கணக்குப் போடுவோம்

பாக்கெட்டில் பெரும்பாலும் உப்பு என்று கிராமில் எழுதியிருக்காது. ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் எழுதியிருக்கும். உப்பு என்பது சோடியம் குளோரைடு. சோடியத்தின் அணு நிறை 23, குளோரின் 35.5. இரண்டும் சேர்ந்து 58.5. இதை 23-ஆல் வகுத்தால் சுமார் 2.5 வருகிறது. ஆகவே,

சோடியம் × 2.5 = உப்பு

நான் எங்கள் தெருக் கடையில் வாங்கிய ஒரு பாக்கெட்டின் எடை 60 கிராம். 100 கிராமில் 1100 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தது. (கவனியுங்கள்! அந்தக் கணக்கு 100 கிராமுக்கு. ஒரு பாக்கெட்டுக்கு இல்லை.)

60 கிராமில் சோடியம் = 660 மி.கி.
உப்பாக மாற்றினால் 660 × 2.5 = 1650 மி.கி.
அதாவது 1.65 கிராம்.

பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. சோறு, குழம்பு, ரசம், ஊறுகாய் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 5 கிராம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒரு பாக்கெட்டிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பசியில் இரண்டு பாக்கெட் சாப்பிட்டால் 3.3 கிராம்!

உப்பு கூடினால் என்ன?

உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். உடம்பில் உப்பு கூடினால் இரத்தத்தில் தண்ணீரும் கூடும். அதே குழாயில் அதிகத் தண்ணீர் ஓடினால் குழாய்ச் சுவரில் அழுத்தம் கூடும் அல்லவா? அதுதான் இரத்த அழுத்தம். இது பல வருடம் நீடித்தால் இதயம், மூளை, சிறுநீரகம் மூன்றுக்கும் கேடு.

எங்க ஆச்சிக்கு பிரஷர் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அக்கா வீட்டுக்கே வந்து மாத்திரை தருவாங்க. ஊறுகாயையும் கருவாட்டையும் ஆச்சி விட்டுட்டாங்க. ஆனால் பல்லு இல்லாததால், தம்பிக்குச் செய்கிற நூடுல்ஸ் மெத்தென்று இருக்குன்னு ஆச்சியும் சாப்பிடுவாங்க. நான் கணக்கைக் காட்டியதும், “ஏட்டி, முப்பது வருஷம் உப்பளத்துல உப்பு வாருனவ நான். இதுல உப்பே தெரியலியே!” என்றார்கள். உண்மைதான். மசாலா, காரம், இனிப்பு, புளிப்பு எல்லாம் கலந்திருப்பதால் நாக்குக்கு உப்பு தனியாகத் தெரிவதில்லை. மேலும் அஜினோமோட்டோ, சமையல் சோடா இவற்றிலும் சோடியம் உண்டு. அதனால் பிஸ்கட், ரொட்டி போன்ற இனிப்புப் பண்டங்களிலும் சோடியம் இருக்கும்.

அப்படியானால் சாப்பிடவே கூடாதா?

நம்ம ஊரில் அம்மாமார் விடியுமுன்பே உப்பளத்துக்கும் மீன் கம்பெனிக்கும் போகிறார்கள். சாயந்திரம் களைத்து வந்து, பத்து நிமிஷத்தில் பிள்ளைகளுக்குப் பசியாற்ற ஒரு பொருள் கிடைத்தால் வாங்கத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயம் இல்லை. அடுப்புப் பக்கம் நாம் போனாலே பாதிப் பிரச்சினை தீரும். நான் வீட்டில் செய்து பார்த்தவை:

1. மூன்று பாக்கெட் நூடுல்ஸ். அடுப்பு பற்ற வைத்ததிலிருந்து தட்டுக்கு வர 9 நிமிடம் ஆனது. 2 நிமிடம் இல்லை. தண்ணீர் கொதிக்கவே பாதி நேரம் போய்விடுகிறது.

2. அதே நூடுல்ஸ், பாதி மசாலா மட்டும். கூடவே வெங்காயம், கேரட், ஒரு முட்டை. தம்பி தவிர யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. நூடுல்ஸ் கட்டியிலும் உப்பு இருப்பதால் சரிபாதி குறையாது. ஆனாலும் நன்றாகக் குறையும்.

3. அவல் உப்புமா. 12 நிமிடம். உப்பு நம் கையில். ஆச்சிக்கு மெல்லவும் எளிது. இப்போது ஆச்சிக்கு இதுதான்.

4. பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். அடுப்பே வேண்டாம்!

லேபிள் இல்லாத உணவு

ஃபாஸ்ட் ஃபுட் கடை ஃப்ரைடு ரைஸுக்கு லேபிள் கிடையாது. ஆனால் அண்ணன் சட்டியில் போடுவதை நின்று பாருங்கள். சோயா சாஸ், சில்லி சாஸ், உப்பு, அஜினோமோட்டோ. நான்கிலும் சோடியம்! நம்ம பரோட்டா சால்னாவுக்கும் லேபிள் இல்லை. கருவாட்டுக்கும் இல்லை. நம்ம ஊர் உணவு என்பதால் உப்பு குறைந்துவிடாது. கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவி, குழம்பில் தனி உப்பைக் குறைத்துப் போட வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

* முதலில் எழுதியிருக்கும் பொருள்தான் அதிகம் இருக்கும். ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளவர்’ என்றால் மைதா.
* சோடியம் 100 கிராமுக்கா, ஒரு பாக்கெட்டுக்கா?
* தயாரித்த தேதி, காலாவதி தேதி.

முடிவுரை

நம்ம ஊர் உப்பு எங்கெங்கோ போய், பாக்கெட்டுக்குள் ஒளிந்துகொண்டு திரும்பவும் நம்ம வீட்டுக்கே வருகிறது. பயப்பட வேண்டாம். பாக்கெட்டைத் திருப்புங்கள், 2.5-ஆல் பெருக்குங்கள். பிரஷர் இருக்கிற தாத்தா, ஆச்சி உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றைக்கே அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பயிற்சி: ஒரு சிப்ஸ் பாக்கெட் 50 கிராம். 100 கிராமில் சோடியம் 800 மி.கி. அப்படியானால் அந்தப் பாக்கெட்டில் உப்பு எவ்வளவு?
(விடை: 1 கிராம். போட்டுப் பார்த்துவிட்டுத்தானே விடையைப் பார்த்தீங்க?)