உன் பொண்ணு இப்போ நம்ம காலேஜ்ல

ராணி மேரியில சீட் கிடைச்சிடுச்சுன்னு நீ போன்ல போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களே எட்டிப் பார்த்திருப்பாங்க. சந்தோஷம்தான்டி, யார் இல்லைன்னா? ஆனா, நீ பேசினதுல பொண்ணு பேரு ரெண்டு தடவைதான் வந்துச்சு. மிச்சமெல்லாம் 'நம்ம கிளாஸ் ரூம்', 'நம்ம மரம்', 'நம்ம பஸ் ஸ்டாப்'. என் பொண்ணு அங்கே மூணாவது வருஷத்துக்கு வந்துட்டா. அதனால இந்த விஷயத்துல உனக்கு முன்னாடி கொஞ்சம் அடிபட்டவ நான். சொல்றதைக் கேட்டுக்கோ.

அட்மிஷன் அன்னைக்குத் தாராளமா கூடப் போ. டி.சி., மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வை. எல்லாத்துக்கும் மூணு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கோ. அங்கே போய் ஜெராக்ஸ் கடை தேடினா அந்த வெயில்ல பாதி நாள் போயிடும். அதுக்கப்புறம் கிளாஸ் ஆரம்பிச்ச நாள்ல இருந்து உன் எல்லை பஸ் ஸ்டாப்தான். 'நான் இங்கே படிச்சவ'ன்னு வாட்ச்மேன்கிட்ட சொன்னா அவர் சிரிச்சுக்கிட்டே நோட்டை நீட்டுவார். பேரு, போன் நம்பர், வந்த நேரம், யாரைப் பார்க்கணும். அந்தக் கடைசிக் கட்டத்துல என்ன எழுதுவேன்னு யோசிச்சுக்கோ. எழுத ஒரு பேரு இருந்தா உள்ளே போ. இல்லைன்னா எதிர்ல பீச் இருக்கு.

அவளுக்கு வழி சொல்றேன்னு கிளம்பாதே. கேப்பர் ஹவுஸ்கிட்ட திரும்புன்னு நீ சொன்னா, அது எங்கே இருக்குன்னு அவ முழிப்பா. அந்தக் கட்டடமே இப்போ இல்லை. அந்தப் பக்கம் கலைஞர் மாளிகை நிக்குது. கடற்கரைச் சாலையிலயும் மெட்ரோ வேலை நடக்குறதால பஸ் எந்த ஸ்டாப்ல நிக்குதுன்னு அவளே நாலு நாள் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும். 2021-ல இருந்து சாதாரணக் கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்குக் கட்டணம் இல்லைங்கிறது மட்டும் அவளுக்குப் புதுசா ஒண்ணும் இருக்காது. ஃபுட்போர்டுல தொங்கின கதையெல்லாம் சொல்லி நீயே அவளுக்கு ஐடியா குடுக்காதே.

இப்போ படிப்பு. இதுலதான் நமக்கு ஒண்ணுமே தெரியாதுங்கிறதை ஒத்துக்கணும். நம்ம காலத்துல கிரெடிட்னு ஒரு பேச்சே கிடையாது. 2008 வாக்குல தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள்ல அந்த முறை வந்துச்சு. தமிழ், இங்கிலீஷ், மெயின், அலைடுன்னு நமக்குத் தெரிஞ்சது போக, வேற துறை பாடம் ஒண்ணு, திறன் பாடம், சுற்றுச்சூழல், என்.எஸ்.எஸ். மாதிரி ஒரு செயல்பாடுன்னு எல்லாத்துக்கும் தனித்தனி கிரெடிட். 2022-ல வந்த நான் முதல்வன் கோர்ஸ் வேற சேர்ந்துக்கும். 'அது சும்மா பேப்பர், மெயினை மட்டும் படி'ன்னு நம்ம கணக்குல அட்வைஸ் பண்ணிடாதே. அந்தச் சும்மா பேப்பர்ல அரியர் விழுந்தாலும் டிகிரி கைக்கு வராது. முதல் வாரம் குடுக்குற கையேட்டை வாங்கி நீயும் ஒரு தடவை படி. அது தன்னாட்சிக் கல்லூரி. அதனால அடுத்த காலேஜ்ல படிக்கிற பொண்ணோட அம்மா சொல்ற கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

அட்டெண்டன்ஸ் மட்டும் அன்னைக்கும் இன்னைக்கும் ஒரே கறார். 75 சதவீதம். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில்னு நீ போட வைக்கிற ஒவ்வொரு லீவும் அவளோட கணக்குலதான் கழியும். அதனால செமஸ்டர் நடுவுல சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு நீயும் மாப்பிள்ளையும் மட்டும் போயிட்டு வாங்க. பொண்ணு எங்கேன்னு கேட்பாங்க, கேட்கட்டும். கிளாஸைக் கட் அடிச்சுட்டு நாம சுண்டல் சாப்பிட்ட வீரக்கதையை முதல் இன்டர்னல் முடியற வரைக்கும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது.

ராகிங் பத்தி ஒரு வார்த்தை. சீனியர் அக்காங்க நம்மளைப் பாடச் சொன்னாங்க, நாம தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பாடினோம்னு அதை ஜாலிக்கதை மாதிரி சொல்ற பழக்கம் உனக்கு உண்டு. நிறுத்திடு. 1996-ல அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலையானப்ப தமிழ்நாடே எப்படி ஆடிப்போச்சுன்னு நமக்கு ஞாபகம் இருக்கு. அடுத்த வருஷமே ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. உன் கதையைக் கேட்டு வளர்ந்த பொண்ணு, நாளைக்கு யாராவது அத்துமீறினா 'அம்மாவும் இதையெல்லாம் தாங்கிக்கிட்டாங்களே'ன்னு வாயை மூடிக்கிட்டு இருந்துடுவா. யு.ஜி.சி. விதிப்படி ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி ஒண்ணு உண்டு. மாணவியும் குடுக்கணும், பெத்தவங்களும் குடுக்கணும். படிக்காம கையெழுத்துப் போடாதே, ரெண்டு பேரும் உட்கார்ந்து படிங்க. 1800-180-5522 உதவி எண்ணை அவ போன்ல சேமிச்சு வை.

அடுத்தது டீச்சருங்க. இதுதான் ரொம்ப நாசூக்கான இடம். நமக்குப் பாடம் எடுத்தவங்க அநேகமா ரிட்டயர் ஆகியிருப்பாங்க. ஆனா உன் பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தவ இன்னைக்கு உன் பொண்ணுக்குக் கிளாஸ் எடுக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆச்சு. நம்ம டிபன் பாக்ஸ்ல கை போட்டுச் சாப்பிட்டவ, காட்டன் சேலை, கையில வருகைப் பதிவேடுன்னு வராண்டாவுல எதிர்ல வர்றா. பின்னாடியே பத்துப் பொண்ணுங்க. அவ பட்டப்பேரு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. 'வணக்கம் மேடம்'னு சொன்னேன். அவ கண்ணாலயே ஒரு நன்றி சொன்னா பாரு! சாயங்காலம் போன் பண்ணி ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் சிரிச்சோம். காலேஜுக்குள்ள மேடம், வெளியில வாடி போடி. இந்தக் கோட்டை அழிச்சிடாதே. முக்கியமா, 'இன்டர்னல்ல கொஞ்சம் பார்த்துக்கோடி'ங்கிற வார்த்தை உன் வாயில வரவே கூடாது. ஒரு மார்க் கூட வந்தாலும் உன் பொண்ணை மத்தப் பொண்ணுங்க அம்மா சிபாரிசுன்னுதான் பேசுவாங்க. பழைய வாத்தியாருங்களோட பட்டப்பேரையும் பொண்ணுகிட்ட சொல்லாதே. ஒரே நாள்ல கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் முழுக்கப் பரவிடும்.

பண விஷயத்துக்கு வர்றேன். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கலாமான்னு கேட்டே பாரு, அதுக்கு தாலுகா ஆபீஸ் பக்கம் அலையாதே. நம்ம வீட்டுல முதல்ல பட்டம் வாங்கினது நான், அடுத்தது நீ. உன் பொண்ணு எப்படி முதல் பட்டதாரி ஆவா? ஆனா புதுமைப் பெண் திட்டம் வேற. 6-ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ்வழியில படிச்சவங்களுக்கும் பின்னாடி சேர்த்துட்டாங்க. உன் பொண்ணு அரசுப் பள்ளிதானே? அவ பேர்ல பேங்க் அக்கவுன்ட் ஆரம்பிச்சு ஆதாரை இணைச்சிடு. விண்ணப்பம் காலேஜ் மூலமாத்தான் போகணும், அதுக்குன்னு ஒரு பொறுப்பாசிரியர் இருப்பாங்க. பணம் வந்தப்புறம் அதுல கை வைக்காதே. அது அவ செலவுக்கு.

கதையே சொல்லக்கூடாதான்னு கேட்பே. சொல்லு, காலேஜோட கதையைச் சொல்லு. 1914-ல ஆரம்பிச்சப்ப சென்னையில பொண்ணுங்களுக்குன்னு வந்த முதல் கல்லூரி அது. டோரதி டி லா ஹே அம்மையார்தான் முதல் முதல்வர். 2003-ல அதை இடிச்சுட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்டப் போறோம்னு அரசு அறிவிச்சப்ப, மாணவிங்க உள்ளேயே ராத்திரி பகலா உட்கார்ந்து போராடினாங்க. திட்டமே கைவிடப்பட்டது. நாம படிச்சு முடிச்சு வெளியே வந்தப்புறம் நடந்தது அது. நாம டி.வி.யில பார்த்தவங்கதான். அவ உட்கார்ற கிளாஸ் ரூம் இன்னும் அங்கே இருக்குன்னா அது யாரால்னு அவளுக்குத் தெரியட்டும்.

கடைசியா உன் சொந்த வேலை ஒண்ணு. உன் டிகிரி சர்டிஃபிகேட் எங்கே இருக்கு? வீடு மாத்தினப்ப மார்க் ஷீட் ஒண்ணு காணாமப் போச்சுன்னு புலம்பினியே, அதை இப்போ எடுத்துடு. மார்க் ஷீட்டுக்குக் காலேஜ்ல தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆபீஸ், பட்டத்துக்கு சேப்பாக்கத்துல சென்னைப் பல்கலைக்கழகம். ரெண்டும் ஒரே ரோட்டுலதான். தொலைஞ்சதுக்குப் போலீஸ்ல புகார் குடுத்துச் சான்று வாங்கிக்கோ. சர்டிஃபிகேட்ல அப்பா இனிஷியல், ஆதார்ல மாப்பிள்ளை பேரு. அதனால கல்யாணப் பதிவுச் சான்றிதழையும் கையில வச்சுக்கோ. பதிவு எண், முடிச்ச வருஷம் ரெண்டையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போ, ஜன்னல்ல முதல் கேள்வியே அதுதான். பழைய மாணவியர் சங்கத்துலயும் பேரைப் பதிஞ்சுடு. கூட்டத்துக்குக் கூப்பிடுவாங்க, அன்னைக்கு முறைப்படி உள்ளே போகலாம். காலேஜோட தரத்தை மதிப்பிட நாக் குழு வர்றப்ப பழைய மாணவிங்க என்ன செய்றாங்கன்னும் பார்ப்பாங்க, அதனால உன்னை வேண்டாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நன்கொடை குடுத்தா ரசீது கேட்டு வாங்கு. கூட்டத்தன்னைக்கு வர்றதை முன்கூட்டியே பொண்ணுகிட்ட சொல்லிடு, கேன்டீன் பக்கம் எப்போ வரலாம்னு அவளே டைம் சொல்வா.