தோல் ஒட்டியாகிவிட்டது, அளவை எழுதினார்களா?

அரச வைத்தியசாலையில் தோல் ஒட்டுச் சத்திரசிகிச்சை செய்தால் பில் வராது. அதனால் கடதாசி விஷயத்தில் யாரும் கவனமெடுப்பதில்லை. ஆனால் வார்ட்டில் இருந்த நாட்களுக்குப் பணம் தரும் காப்புறுதி, அரச ஊழியருக்கான அக்ரஹார, வேலையிடத்தில் எரிந்திருந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று எந்த வழியில் போனாலும் முதலில் பார்ப்பது டயக்னோசிஸ் கார்டைத்தான்.

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் சூடான எஞ்சினில் கால் பட்டு வெந்துபோன ஒருவரை எடுத்துக்கொள்வோம். கார்டில் 'எஸ்.எஸ்.ஜி., வலது கால்' என்று மட்டும் இருக்கும். தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி ஒட்டியிருக்கிறார்கள் என்பது வார்ட்டில் எல்லோருக்கும் விளங்கும். கொழும்பில் கிளெய்ம் மேசையில் இருப்பவருக்கு அது போதாது. முழங்காலுக்குக் கீழா, பாதமா? எத்தனை சதுர சென்ரிமீற்றர்? எரிந்தது எப்படி?

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருப்பது குறியீட்டு முறை. நோய்க்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10. அதில் காலின் ஆழமான தீக்காயம் டி24.3, கணுக்காலும் பாதமும் என்றால் டி25.3. சூடான எஞ்சின் காரணமென்றால் எக்ஸ்17, கொதிநீர் என்றால் எக்ஸ்12. காரணம் எழுதப்படாவிட்டால் வேலை விபத்து என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு அமெரிக்கர்களின் சி.பி.டி. குறியீடு இருக்கிறது. திருகோணமலையில் அதை யாரும் கேட்கப்போவதில்லை. நிலாவெளிக்கு வந்த இடத்தில் காயப்பட்டு, ஊர் திரும்பி அமெரிக்கக் காப்புறுதியிடம் கேட்பவருக்குத்தான் அது தேவைப்படும். ஆனாலும் அதன் கணக்கு எல்லோருக்கும் உதவும். உடல், கை, காலில் மெல்லிய தோல் ஒட்டினால் முதல் 100 சதுர சென்ரிமீற்றருக்கு 15100. அதற்கு மேல் ஒவ்வொரு 100க்கும், மிஞ்சும் துண்டுக்கும் 15101. முழங்காலுக்குக் கீழே காயம் 12க்கு 10 என்றால் 120 சதுர சென்ரிமீற்றர். ஆகவே 15100 ஒன்று, 15101 ஒன்று. அளவை எழுதாமல் விட்டால் இரண்டாவது போய்விடும். பாதமும் மணிக்கட்டுக்குக் கீழுள்ள கையும் முகமும் வேறு வகை, அவற்றுக்கு 15120. அளக்க வேண்டியது தோல் வைத்த இடத்தை, எடுத்த தொடையை அல்ல. தனியார் வைத்தியசாலைகளில் பில் போடும் பிள்ளைகள்கூட இதில் தடுமாறுவதுண்டு. வலையாக விரித்து ஒட்டிய தோலுக்கும் மூடிய பரப்புத்தான் கணக்கு.

ஆகவே டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே வார்ட் டொக்டரிடம் பணிவாகக் கேளுங்கள்: "சேர், இடம், அளவு, ஆழம், எப்படி எரிந்தது, எத்தனை வீதம் உடல் எரிந்தது, இதெல்லாம் கார்டில் இருக்குமா?" விரல்களோடு சேர்த்த நோயாளியின் உள்ளங்கை ஏறக்குறைய உடலின் 1 வீதம் என்பதால், நீங்களே ஒரு மட்டமாகப் பார்த்துக்கொள்ளலாம். தியேட்டரில் எழுதிய குறிப்பு பெட் ஹெட் டிக்கெட்டோடு வைத்தியசாலையிலேயே தங்கிவிடும். பிறகு அதன் பிரதி எடுக்க விண்ணப்பம், கையொப்பம், காத்திருப்பு எல்லாம் உண்டு. கட்டு அவிழ்க்கும்போது பக்கத்தில் ஒரு ரூலர் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியார் பில்லில் 'சத்திரசிகிச்சை' என்று ஒரே வரியில் தொகை இருந்தால் ஏற்காதீர்கள். காயம் சுத்தம் செய்தது, தோல் ஒட்டியது, மயக்க மருந்து, தியேட்டர் என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

கிளெய்ம் திரும்பி வர இன்னொரு காரணம், 'அழகுக்காகச் செய்தது' என்ற முத்திரை. சுருங்கிய தழும்பால் முழங்கால் மடங்கவில்லை, விரல் விரியவில்லை என்று வைத்தியர் ஒரு வரி எழுதினால் அந்த வாதம் நிற்காது. முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். வேலையிடத்து விபத்தென்றால், காயம் ஆறும்வரை காத்திராமல் முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள்.